கோரைப் பழத்தின் மேற்பரப்பை வைத்து இனம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோரைக் குடும்பத்துச் செடிகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதலில் இருப்பவை எளிது, போகப்போகக் கொஞ்சம் சிக்கல்.

கோரையைப் பார்த்தாலே தெரியுமே, இதுக்குப் போய் மைக்ரோஸ்கோப் எதுக்கு?

கோரை என்று தெரியும். எந்தக் கோரை என்பதில்தான் ஆள் மாட்டிக்கொள்வார். சைபரேசி குடும்பத்தில் சுமார் 5,500 சிற்றினங்கள் இருக்கின்றன. கேரெக்ஸ் பேரினம் மட்டுமே 2,000-ஐ ஒட்டி வரும், சைபரஸ் 950 அளவில். இவற்றின் பூக்களில் கண்ணுக்குப் பிடிபடுகிற மாதிரி இதழ் எதுவும் கிடையாது. இருந்தாலும் சில முள்மயிர்களாகவோ சின்னச் செதில்களாகவோ சுருங்கிப் போயிருக்கும். மிஞ்சுவது தண்டும் இலையும் பூங்கொத்தும். அவையோ தண்ணீர் தேங்கிய இடத்தில் ஒரு உயரம், காய்ந்த இடத்தில் ஒரு உயரம் என்று மாறிக்கொண்டே இருக்கும்.

பழம் அந்த அளவுக்கு மாறாது. செடி முழங்கால் உயரம் வளர்ந்தாலும் விரல் உயரத்தில் நின்றுவிட்டாலும் பழத்தின் வடிவமும் அதன் மேல் இருக்கிற செல் அமைப்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால்தான் கோரைக்கான இனங்காணும் திறவுகோல்களில் (ஒவ்வொரு பண்பாகக் கேட்டுச் சிற்றினத்தின் பெயருக்குக் கொண்டுபோகிற பட்டியல்கள்) பாதிக்கு மேல் போனதும் 'முதிர்ந்த பழம் தேவை' என்கிற இடம் வந்துவிடுகிறது.

கோரைக்கு ஏது பழம்? அது விதைதானே?

பேச்சில் விதை என்று சொன்னால் குடி முழுகிவிடாது. ஆனால் எழுதும்போது வேறுபடுத்துவது நல்லது. நாம் பார்க்கிற மேற்பரப்பு சூலகத்தின் சுவர் முற்றி இறுகி உண்டான கனித்தோல். அதற்குள்ளே தனித் தோலோடு ஒரே ஒரு விதை. பழம் காய்ந்துதான் இருக்கும், தானாக வெடிக்காது, அப்படியே முழுசாக உதிரும். நீளம் பெரும்பாலும் அரை மி.மீ. முதல் மூன்று மி.மீ. வரை.

கனித்தோலின் வெளிப்பக்கத்தில் ஒற்றை அடுக்குப் புறத்தோல் செல்கள், அதன் கீழே கெட்டிப்பட்ட நார்ச்செல் அடுக்கு, அதற்கும் உள்ளே மெல்லிய அடுக்கு. இந்தப் பக்கம் முழுக்கப் பேசப்போவது அந்த முதல் ஒற்றை அடுக்கைப் பற்றித்தான். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சூலகமுடி மூன்றாகப் பிரிந்திருந்தால் பழம் பெரும்பாலும் மூன்று பக்கம் கொண்டது, இரண்டாகப் பிரிந்திருந்தால் தட்டையான இருபக்கப் பழம். இதைப் பார்க்க மைக்ரோஸ்கோப் தேவையில்லை, கை லென்ஸ் போதும். பலர் இதைத் தாண்டி நேரே செல் படத்துக்குப் போய்விடுகிறார்கள், பிறகு குழம்புகிறார்கள்.

மேற்பரப்பில் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள்?

பெரிசிலிருந்து சிறிசுக்குப் போவது வழக்கம். முதலில் மொத்தத் தோற்றம்: வழவழப்பா, நீளவாட்டில் வரிகள் ஓடுகின்றனவா, குறுக்கே அலை அலையாக மேடுகள் இருக்கின்றனவா, மருக்கள் இருக்கின்றனவா, குழிகளா. இது 10 மடங்கு லென்ஸிலேயே ஓரளவு தெரியும்.

அடுத்து செல்லின் வடிவம். எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமான ஐங்கோணம், அறுகோணமா, பழத்தின் நீளவாட்டில் நீண்டதா, குறுக்குவாட்டில் நீண்டதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு பண்புதான் எனக்குத் தெரிந்து மிகவும் பயன்படுவது, குறிப்பில் அதிகம் விட்டுப்போவதும் இதுதான். பிறகு இரண்டு செல்களுக்கு இடையே நிற்கிற பக்கச்சுவர்: நேராக ஓடுகிறதா வளைந்து நெளிகிறதா, மேலே எழும்பி நிற்கிறதா பள்ளமாக இருக்கிறதா. செல்லின் மேல்சுவர் புடைத்திருக்கிறதா உள்வாங்கியிருக்கிறதா என்பதும் சேர்ந்து வரும்.

கடைசியாகச் செல்லுக்குள் இருக்கிற சிலிக்கா. செல்லின் அடிச்சுவரில் ஒரு சிலிக்கா மேடை, அதன் நடுவில் கூம்பு மாதிரி ஒரு முனை. சில சிற்றினங்களில் அந்த நடுக்கூம்பைச் சுற்றிக் குட்டிக் கூம்புகளும் நிற்கும். மேடை தட்டையா குழிந்ததா, கூம்பு கூரா மழுங்கலா, ஒன்றா பலவா என்பதெல்லாம் பண்புகள்.

சிலிக்கா எப்படிச் செடிக்குள் வந்தது? அதுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

மண்ணில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை வேர் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. அது மேலே போய் செல்களில் படிந்து, நீர் கலந்த, படிக அமைப்பு இல்லாத சிலிக்காவாக இறுகிவிடுகிறது. புற்களிலும் இது உண்டு. ஆனால் புல்லில் சிலிக்காத் துகள் செல்லை நிரப்பிக்கொண்டு சேணம், டம்பெல் என்று பல வடிவங்களில் இருக்கும். கோரையில் அது அடிச்சுவரில் உட்கார்ந்து முனையை வெளிப்பக்கம் நீட்டியிருக்கிற கூம்பு. இலையிலும் உண்டு, பழத்திலும் உண்டு.

மரியாதைக்குக் காரணம் அது அழியாது என்பதே. பூஞ்சை தின்னாது, மக்காது, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தவிர மற்ற சாதாரண அமிலங்கள் அதைக் கரைக்காது. நூறு வருடத்துக்கு முன் அழுத்திக் காயவைத்த மாதிரியிலும் நேற்றுப் பறித்த பழத்திலும் ஒரே கூம்பைப் பார்க்கலாம். மென்மையான பாகங்களை நம்பி வகைப்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இல்லாதவங்க என்ன செய்றது? போனில் மேக்ரோ லென்ஸ் மாட்டினால் ஆகுமா?

நினைப்பதைவிட நிறையவே ஆகும். பழத்தின் வடிவம், நிறம், வரிகள், மருக்கள், குறுக்கு மேடுகள், உச்சியில் சூலகத்தண்டின் அடிப்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறதா உதிர்ந்துவிட்டதா என்பதெல்லாம் நல்ல மேக்ரோ படத்தில் வரும். 40 மடங்கு வரை போகும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் இருந்தால் ஃபிம்பிரிஸ்டைலிஸ் என்கிற கோரைப் பேரினத்தின் பழத்தில் செல்களின் எல்லையையே எண்ணிவிடலாம். செல் சுவரின் நெளிவும் சிலிக்கா முனையும் வேண்டுமென்றால்தான் ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப், அதாவது செம், தேவைப்படும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நேர் மேலிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் எல்லாப் பழமும் வழவழப்பாகத்தான் தெரியும். பக்கவாட்டில், தாழ்வான கோணத்தில் ஒரே ஒரு விளக்கை வையுங்கள். மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். பழம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், ஈரம் இருந்தால் பளபளப்புதான் படத்தில் வரும்.

பழம் முத்திடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இந்தக் கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக இடம் கொடுக்கலாம், ஏனென்றால் தப்பான அடையாளங்களில் பெரும்பங்கு முற்றாத பழத்திலிருந்து வருகிறது. முற்றாத பழத்தில் சிலிக்காக் கூம்பு உருவாகியே இருக்காது, அல்லது தாழ்வாக இருக்கும். செல் சுவர்கள் கெட்டிப்படாமல், காயும்போது குழைந்து மடிந்து, இல்லாத ஒரு சுருக்க வடிவத்தைக் காட்டும். அதைப் பார்த்து 'நெளிந்த பக்கச்சுவர்' என்று எழுதிவிட்டால் திறவுகோலில் வேறு வழியில் போய்விடுவீர்கள்.

அடையாளம்: ஊசி முனையால் தொட்டால் தானாகக் கழன்று விழும், அழுத்தினால் நசுங்காது, நிறம் ஒரே சீராக இருக்கும். சைபரஸ் மாதிரி நீண்ட சிறுகதிர் உள்ளவற்றில் பூக்கள் அடியிலிருந்து மேல் நோக்கி மலர்வதால் அடிப்பக்கத்துப் பழங்களே முதலில் முற்றும். அங்கிருந்து எடுங்கள். ரொம்ப முற்றிய செடியில் அடிப்பழம் உதிர்ந்து போயிருக்கும், அப்போது நடுவிலிருந்து. உலர்மாதிரித் தாளில் ஒட்டியிருக்கிற சின்னக் காகிதப் பொட்டலத்தில் உதிர்ந்து கிடப்பவை பெரும்பாலும் நன்றாக முற்றியவை, ஆனால் பக்கத்துத் தாளிலிருந்து வந்து கலந்ததா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளவும்.

ஒரு பழத்தில் எந்த இடத்தைப் படம் எடுக்கணும்?

பக்கத்தின் நடு. விளிம்பு, உச்சி, அடி மூன்றிலும் செல்கள் வளைவுக்கு ஏற்ப நீண்டோ குறுகியோ இருக்கும், அவற்றை வைத்து ஒப்பிடக் கூடாது. ஒருவர் நடுவிலும் இன்னொருவர் விளிம்பிலும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு சிற்றினம் என்று வாதாடுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

பழத்தைப் பிடுங்கும் முன் இன்னொரு காரியம் செய்ய வேண்டும்: அது கதிரின் அச்சைப் பார்த்து எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சைபரஸ் கூட்டத்தில் இருபக்கப் பழம் உள்ளவற்றில் இது பெரிய பண்பு. சைபரஸ் லெவிகேட்டஸில் பழத்தின் தட்டைப் பக்கம் அச்சைப் பார்க்கும், பைக்ரியஸ் கூட்டத்தில் பழத்தின் விளிம்பு அச்சைப் பார்க்கும். பிடுங்கி மேசையில் கொட்டிய பிறகு இதைத் திரும்பக் கண்டுபிடிக்க வழியில்லை.

கேரெக்ஸில் பழத்தைச் சுற்றி ஒரு பை இருக்கே, அதையும் சேர்த்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். கேரெக்ஸில் பெண் பூவைச் சுற்றி ஒரு செதில் மூடிப் பையாகிவிடும், பழம் அதற்குள் இருக்கும். அந்தப் பையின் வடிவம், நரம்புகள், மூக்கு எல்லாம் இனம் காண மிகவும் உதவுகிறவை, ஆனால் அது பழத்தின் மேற்பரப்பு கிடையாது. பையைக் கீறி அகற்றினால்தான் நாம் பேசுகிற செல்கள் தெரியும். மெல்லிய இரண்டு ஊசிகளால் அடியிலிருந்து பிளப்பது எளிது.

ஆசிட் போட்டுக் கழுவித்தான் ஆகணுமா?

எப்போதும் இல்லை. பல சிற்றினங்களில் காயும்போது செல்லின் மேல்சுவர் உள்வாங்கி, கீழே இருக்கிற சிலிக்காக் கூம்பின் மேல் படிந்துவிடும், அப்போது கழுவாமலே கூம்பின் உருவம் தெரியும். மேல்சுவர் தடித்த சிற்றினங்களில் கூம்பு மறைந்தே இருக்கும். அங்கேதான் அசெட்டோலைசிஸ் என்கிற முறை வருகிறது: அசெட்டிக் அன்ஹைட்ரைடு ஒன்பது பங்கு, அடர் கந்தக அமிலம் ஒரு பங்கு. அது மேல்சுவரை அரித்து எடுத்துவிடும், சிலிக்கா நிற்கும். கேரெக்ஸ் பழங்களைப் பற்றிய ஆய்வுகளில் இதை நிறையவே பார்க்கலாம்.

இதை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். அந்தக் கலவையில் தண்ணீர் பட்டால் கடுமையாகக் கொதித்துத் தெறிக்கும். புகை உறிஞ்சும் அறை, கையுறை, முகக்கவசம், பழகிய ஒருவர் பக்கத்தில் என்று ஆய்வகத்தில் மட்டும். வெறும் அழுக்கு போக வேண்டும் என்றால் ஆல்கஹாலில் போட்டு அல்ட்ராசவுண்ட் குளியலில் சிறிது நேரம் வைத்தாலே போதும். இன்னொன்று, கழுவிய பழத்தின் படத்தைக் கழுவாத பழத்தின் படத்தோடு ஒப்பிட முடியாது, இரண்டிலும் தெரிவது செல்லின் வேறு வேறு சுவர். படத்தின் கீழே எந்த முறை என்று எழுதாதவர்களை என்னவென்று சொல்வது.

செம்முக்குக் கொடுக்கும்போது நான் என்ன தயார் பண்ணணும்?

கோரைப் பழம் ஏற்கெனவே காய்ந்து கெட்டியாக இருப்பதால், இலை அல்லது பூவுக்குச் செய்கிற நீண்ட நீர்நீக்கல் வேலை எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. செதில் துணுக்கு, பூஞ்சை இழை, மண் எதுவும் ஒட்டாமல் சுத்தம் செய்து காயவைத்து, உலோக வட்டின் மேல் இரட்டைப் பக்கக் கார்பன் டேப்பில் ஒட்டி, மேலே மிக மெல்லிய தங்கப் பூச்சு கொடுப்பார்கள். பூச்சு தடித்தால் நுண்ணிய விவரம் மூழ்கிவிடும், போதாமல் போனால் மின்னூட்டம் தேங்கிப் படம் வெள்ளையாக எரிந்து தெரியும்.

ஒரே சிற்றினத்தின் பழங்களை வெவ்வேறு நிலையில் ஒட்டுங்கள்: ஒன்று பக்கம் மேலே பார்க்க, ஒன்று விளிம்பு மேலே பார்க்க, ஒன்று உச்சி தெரிய. வட்டில் எது எங்கே இருக்கிறது என்று தாளில் ஒரு வரைபடம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போன பிறகு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். முழுப் பழத்துக்கு ஒரு படம், நடுப்பகுதிக்கு 500 மடங்கில் ஒன்று, செல்லுக்கு 1,000-க்கு மேல் ஒன்று, எல்லாவற்றிலும் அளவுகோல். பழம் ஒரு காப்பகத்தின் உலர்மாதிரியிலிருந்து வந்ததென்றால் எடுக்கும் முன் அனுமதி வாங்குங்கள். தங்கம் பூசிய பழத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அப்படி எடுக்கவே கூடாத அரிய மாதிரி என்றால், பூச்சில்லாமல் தாழ்ந்த வெற்றிடத்தில் படம் எடுக்கிற வகைக் கருவிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

சரி, எந்தெந்தக் கூட்டத்தில் இது நிஜமாகவே கைகொடுக்கிறது?

என் ஓட்டு முதலில் ஃபிம்பிரிஸ்டைலிஸுக்கு. ஃபிம்பிரிஸ்டைலிஸ் டைகாட்டமாவின் இருபக்கப் பழத்தில் நீளவாட்டில் தெளிவான வரிகள் ஓடும், வரிகளுக்கு நடுவே குறுக்கே நீண்ட செல்கள் ஏணிப்படி மாதிரி அடுக்கியிருக்கும். நெல் வயல்களில் களையாக வருகிற ஃபிம்பிரிஸ்டைலிஸ் லிட்டோராலிஸின் பழம் முப்பக்கம், அதன் மேல் மருக்கள், செல்கள் குறுக்கே நீண்டவை. ஃபிம்பிரிஸ்டைலிஸ் எஸ்டிவாலிஸில் வரி எதுவும் எடுப்பாக இருக்காது, ஏறக்குறைய வழவழப்பு. மூன்றையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. நெருங்கிய உறவான பல்போஸ்டைலிஸில் சூலகத்தண்டின் அடி ஒரு சின்னப் பொத்தானாகப் பழத்தின் உச்சியில் தங்கிவிடும், ஃபிம்பிரிஸ்டைலிஸில் அது தண்டோடு சேர்ந்து உதிர்ந்துவிடும்.

அடுத்து பைக்ரியஸ் கூட்டம். பைக்ரியஸ் பாலிஸ்டாக்கியோஸில் செல்கள் சமபக்கமானவை. பைக்ரியஸ் ஃபிளேவெசென்ஸில் நீளவாட்டில் நீண்டவை, அவற்றின் முனைகள் வரிசையாகச் சேருகிற இடத்தில் குறுக்கே அலை அலையான கோடுகள் தெரியும். செல் நீளவாட்டில் நீண்டிருக்கக் கோடு குறுக்கே ஓடுவது முதலில் கொஞ்சம் குழப்பும். ஸ்கீனோபிளெக்டஸ் கூட்டத்தில் வேறு மாதிரி: பெரிய ஏரிக்கோரைகளில் பழம் வழவழப்பு, ஆனால் சிறிய உருவம் கொண்ட பலவற்றில் குறுக்கு மேடுகள். இந்தச் சிறியவற்றை 2003-இல் ஸ்கீனோபிளெக்டியெல்லா என்று தனிப் பேரினமாகப் பிரித்தார்கள்.

எலியோகாரிஸில் உச்சிப் பொத்தானும் அடியிலிருக்கும் முள்மயிர்களும் முதல் வேலையை முடித்துவிடும், மேற்பரப்பு அதற்குப் பிறகு. ஸ்கிளீரியா பழங்கள் பெரியவை, பெரும்பாலும் வெள்ளை, பீங்கான் மாதிரி கெட்டி. அடியில் ஒரு வட்டு இருக்கும், கை லென்ஸே போதும். கேரெக்ஸில் சிலிக்கா மேடையும் கூம்பும் சேர்ந்துதான் பேசும், அதற்கு மேலே சொன்ன கழுவல் பல நேரம் தேவைப்படும்.

ரெண்டு படமும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு. அப்போ ரெண்டும் ஒரே சிற்றினம்தானே?

அப்படி முடிவு கட்ட முடியாது. ஃபிம்பிரிஸ்டைலிஸ் டைகாட்டமாவுக்கும் ஃபிம்பிரிஸ்டைலிஸ் பைசம்பெல்லேட்டாவுக்கும் வரியும் குறுக்கு அறையும் இரண்டிலும் உண்டு, பழத்தை மட்டும் காட்டி என்னிடம் கேட்டால் நான் சொல்ல மாட்டேன், முழுச் செடியைக் காட்டுங்கள் என்பேன். மேற்பரப்பு வேறாக இருந்தால் அது ஒரு தகவல். ஒன்றாக இருந்தால் வேறு பண்பைத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

அளவை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. எலியோகாரிஸ் ஜெனிகுலேட்டா, எலியோகாரிஸ் அட்ரோபர்பூரியா இரண்டின் பழமும் கறுப்பு, பளபளப்பு, இருபக்கம். பெரிதாக்கிய படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். முதலாவது ஏறக்குறைய ஒரு மி.மீ., இரண்டாவது அதில் பாதி. அளவுகோல் இல்லாத படத்தை வைத்து இதைக் கேட்டு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரே செடியிலேயே ரெண்டு விதமான மேற்பரப்பு வருதே, எதை நம்புறது?

முதலில் மேலே முற்றிய பழம் பற்றியும் எந்த இடத்தைப் படம் எடுப்பது பற்றியும் சொன்னதைச் சரிபாருங்கள், பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும். அது சரியாக இருந்தும் வேறுபட்டால், ஒரு பழத்தில் மேல்சுவர் தேய்ந்து உரிந்து போயிருக்கலாம். உரிந்த இடத்தில் அடிச்சுவரும் சிலிக்காவும் தெரியும், உரியாத இடத்தில் மேல்சுவர் மூடியிருக்கும். ஒரே பழத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது உண்டு. அது நல்லதுதான், கழுவாமலே இரண்டையும் ஒரே படத்தில் பார்த்துவிடலாம்.

அதுவும் இல்லையென்றால் உண்மையான வேறுபாடாக இருக்கலாம். செல்லின் அளவும் கூம்பின் உயரமும் ஒரு சிற்றினத்துக்குள்ளேயே கொஞ்சம் ஆடும். அதனால் ஒற்றைப் பழத்தை வைத்து எதுவும் எழுத வேண்டாம். ஒரு செடியிலிருந்து சில பழங்கள், ஒரு இடத்திலிருந்து சில செடிகள், முடிந்தால் ஒன்றுக்கொன்று தொலைவான சில இடங்கள்.

புத்தகத்தில் 'பழம் வழவழப்பானது' என்று போட்டிருக்கிறது, செம் படத்தில் குழி குழியாக இருக்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே. கை லென்ஸ் காலத்தில் எழுதிய விவரிப்பில் வழவழப்பு என்றால் அந்த உருப்பெருக்கத்தில் மேடு பள்ளம் தெரியவில்லை என்று பொருள். வணிக ரீதியில் ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்ததே 1965-இல். ஸ்கிர்பஸ் என்கிற கோரைப் பேரினமும் அதன் உறவுகளும் பற்றித் தாவரவியலாளர் ஆல்ஃபிரெட் ஷைலர் அந்தக் கருவியில் எடுத்த பழப் படங்களோடு எழுதியது 1971-இல் வந்தது. அதற்கு முந்தைய விவரிப்புகளை அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

நீங்கள் எழுதும்போது உருப்பெருக்கத்தைச் சேர்த்து எழுதுங்கள்: '20 மடங்கில் வழவழப்பு, 500 மடங்கில் அறுகோண வலை' என்பது போல. 1,000 மடங்கில் வழவழப்பான கோரைப் பழம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

டிஎன்ஏ வந்தாச்சு. இன்னும் இதைக் கட்டிக்கிட்டு அழணுமா?

எந்தக் கேள்விக்கு என்பதைப் பொறுத்தது. எந்தப் பேரினம் எதோடு உறவு, எது முதலில் பிரிந்தது என்பதற்கெல்லாம் பழத்தின் மேற்பரப்பை நம்பாதீர்கள். குறுக்கு மேடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்கீனோபிளெக்டியெல்லாவில் உண்டு, ரிங்கோஸ்போராவிலும் பலவற்றில் உண்டு, இரண்டும் குடும்பத்துக்குள் நெருங்கிய உறவில்லை. ஒரே அமைப்பு தனித்தனியாகப் பல தடவை தோன்றியிருக்கிறது. அங்கே டிஎன்ஏ சொல்வதே கணக்கு.

ஆனால் கையில் இருக்கிற செடி எது, பக்கத்துச் சிற்றினத்திலிருந்து அதை எப்படிப் பிரிப்பது என்பது வேறு கேள்வி. டிஎன்ஏ இரண்டு கிளை என்று காட்டினாலும், களத்தில் நிற்கிறவர் அவற்றைப் பிரித்துச் சொல்ல ஒரு கண்ணுக்குத் தெரிகிற பண்பு வேண்டுமே, அதைப் பல தடவை பழம்தான் கொடுக்கிறது. பழைய மூலமாதிரிகளில் (ஒரு சிற்றினத்துக்குப் பெயர் வைத்தபோது அடிப்படையாக வைத்த உலர்மாதிரிகள்) டிஎன்ஏ சிதைந்திருக்கலாம், இலையை வெட்ட அனுமதியும் கிடைக்காமல் போகலாம். பொட்டலத்தில் உதிர்ந்து கிடக்கிற ஒரு பழம் அங்கே பெரிய உதவி.

பெயரெல்லாம் மாறிக்கிட்டே இருக்கே, பழைய பெயரில் இருக்கிற படங்களை வீசிடலாமா?

வேண்டாம். பைக்ரியஸ், கைலிங்கா, லிப்போகார்ஃபா எல்லாம் இப்போது பலரால் சைபரஸுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. கோப்ரீசியா 2015-இல் கேரெக்ஸுக்குள் போனது. ஃபிம்பிரிஸ்டைலிஸ் லிட்டோராலிஸ் நெடுநாள் ஃபிம்பிரிஸ்டைலிஸ் மிலியேசியா என்ற பெயரில் புழங்கியது. நானே மேலே பைக்ரியஸ் என்று பழைய வழக்கில்தான் எழுதியிருக்கிறேன், அந்தக் கூட்டத்தைச் சுட்ட அதுதான் வசதி.

பெயர் மாறினாலும் பழம் மாறவில்லை. படம் எந்த உலர்மாதிரியிலிருந்து எடுத்தது என்ற எண் இருந்தால் போதும், பெயரை எப்போது வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். எண் இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் அடையாளத்தை யாரும் சரிபார்க்க முடியாது.

மண்ணுக்குள் புதைஞ்ச, கருகின பழத்தில் கூட இது வேலை செய்யுமா?

ஓரளவு. நீர் தேங்கிய படிவுகளில் கிடைக்கிற பழங்களில் கெட்டியான நடு அடுக்கு நன்றாகத் தங்கும், வெளி அடுக்கு சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் உரிந்துவிடும். கருகினால் செல்கள் சுருங்கி வெடித்துப்போகும், அளவை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் சிலிக்காக் கூம்புகள் நெருப்பிலும் தப்பிக்கும், பழம் முழுசாகச் சாம்பலானாலும் நடுவில் கூம்பு உள்ள பலகோணத் தகடுகளாக மண்ணில் கிடைக்கும்.

மேற்பரப்பு கைவிடுகிற இடத்தில் குறுக்குவெட்டு உதவும். போல்போஸ்கீனஸ் நல்ல உதாரணம். மேற்காசியத் தொல்லியல் களங்களில் கருகிய நிலையில் நிறையக் கிடைக்கிற இதன் பழங்களை முன்பு ஸ்கிர்பஸ் மாரிட்டிமஸ் (போல்போஸ்கீனஸ் மாரிட்டிமஸின் பழைய பெயர்) என்றே பதிந்துவந்தார்கள். பிறகு கனித்தோலை வெட்டி அடுக்குகளைப் பார்த்ததில், அவற்றில் பல போல்போஸ்கீனஸ் கிளாக்கஸ் என்று தெரிந்தது. போல்போஸ்கீனஸ் மாரிட்டிமஸில் வெளி அடுக்கின் செல்கள் உயரமாக நின்று அடுக்கைத் தடிப்பாக்கும், கிளாக்கஸில் அது மெல்லியது.

என் செடியில் பழமே பிடிக்கல. இப்ப என்ன பண்றது?

கோரைக்கிழங்குக் கோரையான சைபரஸ் ரொட்டண்டஸ் என்றால் அது இயல்பு. பூ நிறைய வரும், முற்றிய பழம் அரிது, கிழங்காலேயே பரவிவிடும். அங்கே கிழங்கையும் செதிலின் நிறத்தையும் பாருங்கள். ஒரு கூட்டத்தில் எல்லாச் செடியிலும் பழம் உள்ளே வெறுமையாக, சூம்பி இருந்தால் கலப்பினமோ என்று சந்தேகப்படலாம், கேரெக்ஸில் இது அடிக்கடி நடக்கிறது. வெற்றுப் பழத்தின் மேற்பரப்பைப் படம் எடுத்து எதோடும் ஒப்பிட வேண்டாம், முற்றாத பழத்துக்குச் சொன்ன அதே காரணம்தான். பருவம் தவறிப் போயிருந்தால், போன பருவத்துக் காய்ந்த கதிர் அடியில் மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள், செதில்களுக்கு இடையே ஒன்றிரண்டு பழம் சிக்கியிருக்கும்.

மேற்பரப்பு எங்கேயும் காணாத மாதிரி இருக்கு. புதுச் சிற்றினம்னு அறிவிச்சிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் முற்றிய பழமா, நடுப்பகுதியா, கழுவியதா கழுவாததா. பிறகு அந்தப் பேரினத்தில் பழத்தின் படமே வெளியாகாத சிற்றினங்கள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். நிறைய இருக்கும். உங்களுடையது அவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். மூலமாதிரிகளோடு ஒப்பிட்டு, பல செடிகளில் அதே மேற்பரப்பு வருகிறதா என்று உறுதி செய்து, அதோடு சேர்ந்து மாறுகிற இன்னொரு பண்பு, செதிலோ சூலகத்தண்டோ இலையோ, கிடைக்கிறதா என்று தேடுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் எழுத உட்காரலாம். பழத்தின் மேற்பரப்பு மட்டுமே வேறு, மற்ற எல்லாம் ஒன்று என்றால் இப்போதைக்கு அதைப் படத்தோடும் மாதிரி எண்ணோடும் ஒரு வேறுபாடாகப் பதிந்து வைத்துவிட்டு, அடுத்த பருவத்தில் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் பழம் சேகரியுங்கள்.